சேவை ஒப்பந்தத்துக்குப் பின்னால் நிற்பது யார்?

அமெரிக்காவில் கார் வாங்குகிறவர் விலை பேசி முடித்துக் கையெழுத்திட அமரும்போது, டீலரின் நிதி அலுவலர் நீட்டும் தாள்களில் அநேகமாக வாகனச் சேவை ஒப்பந்தம் ஒன்றும் இருக்கும். தயாரிப்பாளரின் வாரண்டி முடிந்தபின் எஞ்சினோ கியர்பாக்ஸோ பழுதானால் செலவை ஏற்பதாகச் சொல்லும் இதை வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்டால், விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் அவர்களிடம் கேட்பது வேறு: பணம் தருவதாக வாக்களிக்கும் நிறுவனம் எது, அது திவாலானால் யார் தருவார்கள்? விற்பவர் டீலர், கோரிக்கைகளைப் பரிசீலிப்பவர் ஒரு நிர்வாக நிறுவனம், சட்டப்படி பொறுப்பேற்பவர் மூன்றாவது ஒருவர் என்று இருப்பது இத்தொழிலில் சாதாரணம்.

முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு, நேரலாம் அல்லது நேராமலும் போகலாம் என்ற இழப்பை ஈடுசெய்வதாகச் சொல்வது காப்பீட்டின் இலக்கணமே. 1945-ஆம் ஆண்டின் மெக்காரன்–ஃபெர்குசன் சட்டம் காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் வேலையை மாநிலங்களிடம் விட்டது. ஆயினும் பல மாநிலங்கள் சேவை ஒப்பந்தத்தைக் காப்பீட்டுச் சட்டத்திலிருந்து பெருமளவு விலக்கிவிட்டு, அதற்கென்று தனி விதிகளை வகுத்துள்ளன. ஃபுளோரிடாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை அலுவலகமும், நியூயார்க்கில் நிதிச் சேவைகள் துறையும் இதைக் கவனிக்கின்றன. டெக்சஸிலோ, முடிதிருத்துவோருக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் உரிமம் வழங்கும் அதே துறையிடம் இந்தப் பொறுப்பு இருக்கிறது.

மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கம் வகுத்த மாதிரிச் சட்டம் இவற்றில் பலவற்றுக்கு அடிப்படை. அதன்படி ஒப்பந்தம் வழங்கும் நிறுவனம் மூன்று வழிகளில் ஒன்றைப் பின்பற்ற வேண்டும். தன் ஒப்பந்தங்கள் அனைத்துக்கும் பின்னணிக் காப்பீடு எடுக்கலாம். அல்லது, வசூலித்த தொகையில் கொடுத்த இழப்பீட்டைக் கழித்து மீதியில் 40 சதவீதத்துக்குக் குறையாத இருப்பு நிதியை வைத்துக்கொண்டு, கூடவே ஆணையரிடம் பிணைத் தொகையும் கட்டலாம். அல்லது தானோ தன் தாய் நிறுவனமோ 10 கோடி டாலர் நிகர மதிப்பு உடையது என்று காட்டலாம். காப்பீடு அல்ல என்று வெளியே அனுப்பிய சட்டம், பின்வாசல் வழியாகக் காப்பீட்டையே அழைத்து வருவதை நான் முரண்பாடாக நினைக்கவில்லை. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியே அதுதான். முதல் வழியில், நிறுவனம் உரிய காலத்தில் தரவில்லை என்றால் வாடிக்கையாளர் நேரடியாகக் காப்பீட்டு நிறுவனத்திடம் கோரலாம். ஆகவே அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் ஒப்பந்தத்திலேயே அச்சிட வேண்டும்.

பெயர் அச்சாகியிருந்தால் மட்டும் போதாது என்பதை 2003-இல் நேஷனல் வாரண்டி என்ற இடர்தாங்கு குழு (ஒரே வகைத் தொழில் செய்பவர்கள் தங்களுக்காகவே கூட்டாக நடத்தும் காப்பீட்டு அமைப்பு) நொடித்துப் போனபோது பலர் உணர்ந்தார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரிலிருந்து இயங்கினாலும் கேமன் தீவுகளில் பதிவாகியிருந்த அது, ஏராளமான சேவை ஒப்பந்தங்களுக்குப் பின்னணியாக இருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் வீழும்போது வாடிக்கையாளருக்குக் கைகொடுக்கும் மாநில உத்தரவாத நிதிகள் இத்தகைய குழுக்களுக்குப் பொருந்துவதில்லை.

ஒப்பந்தத்தைத் திருப்பித் தரும் உரிமையில் சட்டங்கள் தெளிவாக இருக்கின்றன. மாதிரிச் சட்டத்தில், கோரிக்கை எதுவும் எழுப்பியிராதவர் விற்பனையின்போதே ஒப்பந்தத்தைப் பெற்றிருந்தால் 10 நாட்களுக்குள்ளும், அஞ்சலில் வந்திருந்தால் 20 நாட்களுக்குள்ளும் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம்; 45 நாட்களில் பணம் வராவிட்டால் மாதத்துக்கு 10 சதவீதம் அபராதம் சேரும். கலிபோர்னியா பொதுவாக 60 நாட்கள் தருகிறது. தயாரிப்பாளர் வாரண்டி இல்லாத பழைய காருக்கு 30 நாட்கள்.

தொலைபேசியிலும் அஞ்சலிலும் விற்பவர்களைப் பிடிப்பதில் மாநிலங்கள் பின்தங்கியே இருந்தன என்பது என் கருத்து. மிசௌரியில் இயங்கிய, இப்படி ஒப்பந்தங்களை விற்றுவந்த யு.எஸ். ஃபிடெலிஸ் நிறுவனம் 2010-இல் திவால் மனு கொடுத்த பிறகே, அம்மாநிலம் விற்பனையாளர்களுக்கும் உரிமம் தேவை என்று 2011-இல் சட்டம் இயற்றியது. 'உங்கள் காரின் வாரண்டி முடியப்போகிறது' என்ற தானியங்கி அழைப்புகளுக்காக 2023-இல் ஏறத்தாழ 30 கோடி டாலர் அபராதம் விதித்ததும் மத்திய தகவல் தொடர்பு ஆணையமே.

எந்தப் பாகம் பழுதானால் பணம் கிடைக்கும் என்பதையோ பெரும்பாலான மாநிலங்கள் நிர்ணயிப்பதில்லை. விலக்குகளைத் தெளிவாக எழுதிக் காட்டு என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. தேய்மானமா பழுதா, ஆயில் மாற்றிய ரசீது இருக்கிறதா, வாங்கும்போதே இருந்த கோளாறா என்ற தகராறுகளில் ஒழுங்குமுறை அலுவலகம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்கலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் நடுவர் தீர்ப்பு முறையோ சிறு வழக்கு நீதிமன்றமோதான் மிச்சம்.