அந்த வீடியோவை யாரும் திறக்கவில்லை

மலேசியாவில், கோலாலம்பூரின் பங்சார் சவுத்தில் ஒரு கம்பெனி, செயலி வடிவமைப்பாளர் வேலை. செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி, மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி, கெரிஞ்சியில் இறங்கிப் போனேன். நேர்காணல் இருபது நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் மின்னஞ்சல் வந்தது: முன்பதிவுக்கான ஐந்து திரைகளை வடிவமைத்து, விளக்கி ஒரு வீடியோவும் அனுப்ப வேண்டுமாம். சனி, ஞாயிறு போதுமாம்.

போதவில்லை. வெள்ளிக்கிழமை இரவே உட்கார்ந்துவிட்டேன். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். தீபாவளி நெருங்கிய நேரம், சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு எனக்கு எதிரே கொக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ செய்யுற இந்த வேலைக்கு எவ்வளவும்மா கொடுப்பாங்க?" என்று கேட்டார்.

"காசெல்லாம் இல்லம்மா, பரீட்சை மாதிரி."

அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் கைவேலையைப் பார்க்கணும்னா முன்னாடி தைச்சதைக் காட்டுவேன். சும்மா ஒண்ணு தைச்சுக் கொடுன்னு கேட்டா, துணியைத் திருப்பிக் கொடுத்துடுவேன்."

மொத்தம் 19 மணி நேரம் ஆனது. குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளியை (ரிங்கிட்) வாரம் 45 மணி நேரம் என்று வகுத்தாலே, அந்த 19 மணி நேரத்துக்கு 165 வெள்ளி வருகிறது. ஆனால் நான் இன்னும் அவர்களுடைய தொழிலாளி இல்லை. அந்தச் சட்டம் எனக்குத் துணைக்கு வராது.

பத்து நாள் கழித்து, வேறொருவரை எடுத்துவிட்டதாக இரண்டு வரி வந்தது. வீடியோ இணைப்பைத் திறந்து பார்த்தேன். பார்வைகள்: 0.

பணத்தைவிட அந்தப் பூஜ்யம்தான் வலித்தது. வேலை தெரியுமா என்று சோதிப்பதில் தப்பே இல்லை. ஆனால் ஐம்பது பேரிடம் கேட்டாலும் கேட்பவருக்கு ஒரே மின்னஞ்சல்தான் செலவு, அதனால்தான் யோசிக்காமல் கேட்கிறார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர், வார இறுதியில் இன்னொரு வேலைக்குப் போகிறவர் எல்லாம் அங்கேயே கழன்றுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொல்லிச் செய்துகொடுத்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போகும். நேர்காணல் வேலைக்கும் அது பொருந்துமா என்று வழக்காட நம்மிடம் காசு ஏது?

அதனால் இப்போது முன்கூட்டியே எழுதிக் கேட்கிறேன்: யார் பார்ப்பார்கள், எத்தனை மணி நேர வேலை, உரிமை என்னிடமே இருக்கும் என்று எழுதித் தருவீர்களா? இரண்டு கம்பெனிகள் பதிலே போடவில்லை. மூன்றாவது இடத்தில், "வாங்க, இரண்டு மணி நேரம் சேர்ந்து செய்வோம்" என்றார்கள். குழுத் தலைவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் தாளில் தன் பேனாவாலும் கிறுக்கினார்.

அந்த வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் எந்தத் திரையில் தடுமாறினேன் என்று போனில் பத்து நிமிடம் சொன்னார். அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.