குதிரைகள் மட்டும் ஏன் வரவில்லை?

மகளின் வகுப்போடு துணைக்கு நானும் போயிருந்தேன், மெல்பர்ன் எம்.சி.ஜி மைதானத்துக்குள் இருக்கும் ஆஸ்திரேலிய விளையாட்டு அருங்காட்சியகத்துக்கு. 1956 ஒலிம்பிக் நடந்த அதே மைதானம், ஆஸ்திரேலிய ஓட்ட வீராங்கனை பெட்டி கத்பர்ட் ஓடி மூன்று தங்கம் வாங்கிய இடம். அப்புறம், அந்த ஒலிம்பிக்கில் குதிரையேற்றப் போட்டி மட்டும் ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமில் நடந்தது என்று பேச்சு வந்ததும் ஒரு பையன் விடவே இல்லை, ஏன் ஏன் என்று துளைத்துவிட்டான். வெளியிலிருந்து வரும் குதிரைகளோடு நோயும் வந்துவிடக் கூடாது என்று இங்கே அன்றைக்கு அவ்வளவு கடுமையான தனிமைப்படுத்தல் சட்டம். வரலாறு, அறிவியல், புவியியல் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள்! மகள் தரையில் சம்மணம் போட்டு, தாளை முழங்காலில் வைத்து, ஓரம் வரை எழுதித் தள்ளினாள். இதைப் போய் வெறும் ஊர் சுற்றல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ராத்திரி சாப்பாட்டிலும் குதிரைப் பேச்சுதான்.