ஓரன்மியன் ஊரில் குடித்தனம்

கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்ததால் நைஜீரியாவின் இலே-இஃபே நகருக்குக் குடிவந்தோம். மின்வெட்டும் ஜெனரேட்டர் இரைச்சலும் சீக்கிரமே பழகிவிட்டன. அக்கம்பக்கத்தாரோடு நெருங்கத்தான் நாளானது. அந்த நெருக்கம் ஓரன்மியன் என்ற பழங்கால அரசரால் வந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவரை எல்லோரும் பாபா என்றே அழைக்கிறார்கள். அவரைக் கண்டால் இளைஞர்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவார்கள், பெண்கள் மண்டியிடுவார்கள். நானும் முழங்காலை மடக்கிக் காலை வணக்கம் சொன்னதில் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ‘ஓப்பா ஓரன்மியன்’ என்ற நினைவுச்சின்னத்துக்கு அழைத்துப்போனார். ஏறத்தாழ 18 அடி உயரக் கல்தூண் அது. கிட்டே போனால், கல்லின் உடம்பில் இரும்பு ஆணிகள் வரிசையாக அறையப்பட்டிருப்பது தெரிகிறது. ஓரன்மியனின் கைத்தடி என்கிறார்கள்.

இஃபேயை ஆண்ட ஒடுடுவாவின் வழியில் வந்தவர் ஓரன்மியன். நைஜீரியாவிலேயே உள்ள பெனின் நகருக்குப் போய், அங்கே பிறந்த தம் மகன் எவெக்காவுக்கு அரசை விட்டுவிட்டு, ஓயோவில் புதிய அரசை நிறுவினார். முதுமையில் இஃபேக்குத் திரும்பி, ‘பகைவர் வந்தால் கூப்பிடுங்கள்’ என்று சொல்லி மண்ணுக்குள் இறங்கிவிட்டாராம். பிறகு குடிபோதையில் ஒருவன் வீணாகக் கூப்பிட, எழுந்து வந்தவர் இருட்டில் தம் மக்களையே வெட்டிச் சாய்த்துவிட்டார். உண்மை தெரிந்ததும் கைத்தடியை ஊன்றிவிட்டுப் போனவர் திரும்பவேயில்லை. தம் சொந்தப் பாட்டனாருக்கு நேர்ந்த துயரத்தைச் சொல்வதுபோல பாபாவின் குரல் தழுதழுத்தது.

எதிர்வீட்டு ஆசிரியை பெனின்காரர். அவர் சொல்லும் கதை வேறு. ஒடுடுவா என்பவரே பெனினிலிருந்து துரத்தப்பட்ட இளவரசர் எக்கலாதெர்ஹான்தான் என்று அடித்துச் சொல்வார். பாபா விடமாட்டார். மாலையில் எங்கள் வாசலில் இருவருக்கும் வழக்கு நடக்கும், தேநீர் ஆறிப்போகும். ஆனால் பெனின் அரச மரபு ஓரன்மியனின் ரத்தம் என்பதில் மட்டும் இருவருக்கும் பேதமில்லை. இஃபேயில் ஓனி என்ற பட்டத்தோடும் பெனினில் ஓபா என்ற பட்டத்தோடும் இன்றும் அரசர்கள் அரியணையில் இருக்கிறார்கள். அதனால் இவர்களுக்கு இது பழங்கதை அல்ல, குடும்ப விவகாரம். அந்த விவகாரத்தில் எங்களையும் உட்காரவைத்துப் பேசுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிது.

இந்த ஆண்டு ஒலோஜோ திருவிழாவில், ஒடுடுவா சூடியதாகச் சொல்லப்படும் ஆரே மகுடத்தோடு ஓனி வெளியே வருவார். அந்த மகுடத்தை ஆண்டுக்கு ஒருமுறைதான் அணிவார். பாபா வீட்டாரோடு நாங்களும் போகிறோம். ஆசிரியையும் வருகிறார், வழக்கை வழிநெடுகத் தொடர்வதற்கு.