பூட்டிய கண்ணாடிக்குள் புளித்த வாடை

கடற்கரையோர ஊர் ஒன்றில், சின்ன அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தபோது எனக்கு எதிரி என்றால் வெளிக்காற்றுதான். உப்புக் காற்று, பஸ் ஸ்டாண்டுப் புகை, புழுதி. உப்பில் இருக்கும் குளோரைடும் ஈரமும் சேர்ந்தால் செப்புத் திருமேனிகளில் வெளிர்பச்சைப் பொடி கிளம்பி உள்ளேயே அரித்துக்கொண்டு போகும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக்கென்று ஆய்வுக்கூடம் வந்துவிட்டது. இதையெல்லாம் படித்திருந்ததால், காற்றை உள்ளே விடாமல் அடைத்துவிட்டால் பொருள் பிழைத்துவிடும் என்று உறுதியாக நம்பினேன்.

அப்படித்தான் புது ஷோகேஸ் செய்ய வைத்தேன். ப்ளைவுட் பெட்டி, உள்ளே வெல்வெட் துணி, முன்னால் கண்ணாடி, இடுக்கு முழுக்க சிலிக்கான் பேஸ்ட். திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டதால், தச்சர் வேலையை முடித்த மறுநாளே சாதவாகனர் காலத்து ஈயக் காசுகளையும் சங்கு, சோழிகளையும் உள்ளே அடுக்கி, ஈரத்துக்கு சிலிக்கா ஜெல்லும் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நாலு மாதம் போயிருக்கும். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வந்து, "மேடம், காசுல மாவு பூத்திருக்கு" என்றார். பூஞ்சையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பூட்டைத் திறந்தேன். குப்பென்று ஒரு புளித்த வாடை. வினிகர் பாட்டிலைத் திறந்த மாதிரி.

அந்தப் புளிப்பு வெளியிலிருந்து வரவில்லை. மரத்திலிருந்தே அசிட்டிக் அமிலம் ஆவியாக வரும். ப்ளைவுட் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும், அது ஃபார்மிக் அமிலமாக மாறும். காயும்போது புளித்த வாடை அடிக்கிற சிலிக்கான் வகை விடுவதும் அசிட்டிக் அமிலம்தான். திறந்த அறையில் என்றால் இதெல்லாம் கலைந்து போயிருக்கும். நான்தான் இறுக்கி அடைத்துவிட்டேனே! சிலிக்கா ஜெல் ஈரத்தைப் பிடிக்கும், இந்த அமிலத்தை நம்பிக்கையாகப் பிடிக்காது.

ஐரோப்பிய ஓவியர்களுக்கு வேண்டிய வெள்ளை வண்ணத்தைப் பல நூற்றாண்டுகளாக எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ஈயத் தகட்டை வினிகர் ஜாடியில் வைத்து, சுற்றிலும் சாணத்தைக் குவித்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள், தகடு வெள்ளைப் பொடியாகும். எங்கள் ஷோகேஸுக்குள் நடந்ததும் அதே வேலைதான், தகட்டுக்குப் பதில் இரண்டாயிரம் வருடக் காசு. சங்கும் சோழியும் சுண்ணாம்பு என்பதால் அவற்றிலும் உப்புப் பூத்திருந்தது. அதற்கு பைன் (Byne) நோய் என்று பேர், ஆனால் அது நோயும் இல்லை, தொற்றுவதும் இல்லை.

பொடியை மெதுவாக எடுத்துப் பார்த்தபோது ஒரு காசில் யானையின் துதிக்கை இல்லை. பொடியோடு போய்விட்டது. அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம் இல்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-லேயே இதற்குச் சோதனை சொல்லிவிட்டார். ஷோகேஸுக்கு வாங்கப்போகும் பொருளில் ஒரு துண்டு, கூடவே வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகள், கொஞ்சம் தண்ணீர், எல்லாவற்றையும் கண்ணாடிக் குழாயில் மூடி 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைக்க வேண்டும். உலோகம் கெட்டால் அந்தப் பொருளை உள்ளே சேர்க்கக் கூடாது. ஆனால் நான் பார்த்த டெண்டர்களில் ப்ளைவுட்டின் தடிமன் இருக்கும், துணியின் நிறம் இருக்கும், அதிலிருந்து என்ன ஆவி வரும் என்று ஒரு வரிகூட இருக்காது. ஷோகேஸை ஏதோ நாற்காலி, மேசை வாங்குவது போலவே வாங்குகிறோம்.

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கினோம். வலையில் கட்டும் ஈயக்குண்டை அண்ணன் தட்டித் தகடாக்கித் தந்தார், பக்கத்துக் கல்லூரியில் சூட்டடுப்பு (ஓவன்) கொடுத்தார்கள். 28 நாள் கழித்து ப்ளைவுட் குழாயிலும் சிலிக்கான் குழாயிலும் ஈயம் வெளுத்திருந்தது. வெல்வெட் குழாயில் வெள்ளி கறுத்திருந்தது, துணியில் கந்தகம் இருந்திருக்க வேண்டும். எதுவும் போடாத குழாயில் மூன்றும் வைத்தபடியே இருந்தன.

அப்புறம் வந்த ஷோகேஸ் பவுடர் கோட்டிங் இரும்பும் கண்ணாடியும். அமிலம் விடாத சிலிக்கான். ஆறு வாரம் காலியாகத் திறந்தே போட்டோம், எத்தனை பேர் கேட்டும் காசை உள்ளே வைக்கவில்லை. இப்போது மூலையில், ஆவியை இழுத்துக்கொள்ள ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன், பக்கத்தில் அண்ணன் தட்டிய ஈயத் தகடு ஒன்று. திங்கட்கிழமைதோறும் டார்ச் அடித்து அந்தத் தகட்டைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்வார்.

போன திங்கட்கிழமை, "சாம்பல் நிறமாத்தான் இருக்கு மேடம்" என்றார்.