பேப்1: ஒட்டைக் கழற்றும் நொதி (ஆய்வக நாட்குறிப்பு)

மார்ச் 4
எச்226 மீசோதீலியோமா (நுரையீரல் உறைப் புற்று) செல்களில் பேப்1 மரபணுவே இல்லை. அதனால், பேப்1 நொதி ஹிஸ்டோனிலிருந்து யூபிகுவிட்டின் ஒட்டைக் கழற்றுகிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனைக்குத் தோதானவை. மூன்று தட்டு: வெற்று வெக்டர் (மரபணு ஏற்றாத டிஎன்ஏ வாகனம்), நல்ல பேப்1, 91ஆவது சிஸ்டீன் அமினோ அமிலத்தைச் செரினாக்கி முடமாக்கிய பேப்1. ரிங்1பி நொதி, எச்2ஏ ஹிஸ்டோனின் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதம்) 119ஆவது லைசின் அமினோ அமிலத்தில் யூபிகுவிட்டின் என்ற சிறு புரதம் ஒன்றை ஒட்டும். இது புரதத்தைச் சிதைக்கச் சொல்லும் சங்கிலி அல்ல, மரபணுவை அடக்கும் அடையாளம். பேப்1 அதைக் கழற்றும்.

மார்ச் 5
செல் உடைந்த நொடியிலேயே கழற்றும் நொதிகள் கைவரிசையைக் காட்டிவிடும். பெரும்பாலானவை சிஸ்டீனை நம்பியவை. என்-எத்தில்மாலிமைடு அதை அடைக்கும். அளவு 10 மில்லிமோலார், அதாவது மி.லி.க்கு 1.25 மி.கி. எத்தனாலில் அன்றன்று கரைப்பதே நல்லது, தண்ணீரில் வைத்தால் வீரியம் போய்விடும். செல்லை உடைக்கும் பஃபர் கரைசலில் டிடிடி (வழக்கமாகச் சேர்க்கும் கந்தக வேதிப்பொருள்) கூடவே கூடாது, மருந்தையே தின்றுவிடும்.

மார்ச் 6
ஹிஸ்டோனைப் பிரிக்க, உட்கருக்கள் 0.4 நார்மல் கந்தக அமிலத்தில், 4 டிகிரியில், 2 மணி நேரம். பிறகு மேலே நிற்கும் தெளிந்த கரைசலில் டிசிஏ (புரதத்தைப் படியவைக்கும் அமிலம்) சொட்டுச் சொட்டாக, இறுதி அளவு 33 சதவீதம். அரை மணி பனிக்கட்டியில். ஹிஸ்டோன் குழாயின் சுவரில் மங்கலான படலமாகத்தான் ஒட்டியிருக்கும். அடியில் பெல்லட் (படிவு) இல்லையென்று கொட்டிவிட வேண்டாம். குளிர்ந்த அசிட்டோனால் இரண்டு முறை கழுவ வேண்டும், தண்ணீர் பட்டால் கரைந்து போகும். ஜெல்லில் ஏற்றக் கலக்கும் லோடிங் சாயம் மஞ்சளானால் அமிலம் மிச்சம். நீலம் திரும்பும்வரை துளித்துளியாக டிரிஸ் (அமிலத்தை மட்டுப்படுத்தும் காரம்).

மார்ச் 9
புரதங்களை எடைவாரியாகப் பிரிக்க 15 சதவீத ஜெல், பிறகு அவற்றைப் பதிக்க 0.2 மைக்ரான் சவ்வு. ஒட்டுள்ள எச்2ஏ 14இல் அல்ல, 23 கிலோடால்டன் பக்கம் நிற்கும். வெற்று வெக்டரில் தடித்த பேண்ட் (புரதப் பட்டை), நல்ல பேப்1இல் மெலிவு, முடமானதில் குறையவில்லை. ஆக, புரதம் இருந்தால் போதாது, வெட்டும் திறன் வேண்டும். எல்லாவற்றிலும் சம அளவு ஏற்றினோமா என்ற சரிபார்ப்புக்கு மொத்த எச்3 ஹிஸ்டோன்.

மார்ச் 10
"ஒட்டைக் காப்பாற்ற" எம்ஜி132 (புரோட்டியசோமை அடைக்கும் மருந்து) சேர்த்த தட்டில் பேண்ட் காணோம். எதிர்பார்க்க வேண்டியதுதான்: புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோம் அடைபட்டால் யூபிகுவிட்டினெல்லாம் சங்கிலிகளில் சிக்கிவிடும், செல் ஹிஸ்டோனிலிருந்து கடன் வாங்கும். எச்2ஏவுக்கு இந்த மருந்து வேண்டாம்.

மார்ச் 12
அடுத்தது சிப் (ChIP: ஒட்டு டிஎன்ஏவில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் சோதனை). பேப்1 இல்லாத எலிக் கருத்தண்டுச் செல்களில் இந்த ஒட்டு மரபணுத்தொகை முழுக்கப் பரவி, மரபணுக்களை அடக்கும் பாலிகோம்ப் புரதங்களைத் தம் இடத்திலிருந்து இழுத்துவிடுவது தெரிந்ததே. மீசோதீலியோமாவிலும் அதுதானா? ஒட்டு குவிந்த உச்சிகளை மட்டும் எண்ணினால் பரவல் தெரியாது. டிரோசோஃபிலா (பழ ஈ) குரோமாட்டினை, அதாவது டிஎன்ஏ-ஹிஸ்டோன் கூட்டை, ஸ்பைக்-இன்னாக (ஒப்பிடும் அளவுகோலாக) கலந்தே அளக்க வேண்டும்.