பேஜட் நோய்: வலியைக் கேட்டு மருத்துவம் செய்வது

என் அப்பாவின் தொடை எலும்பில் பேஜட் நோய் இருப்பது தெரியவந்தபோது, உறவினர்கள் அதை வயதானவர்களுக்கு வரும் எலும்புத் தேய்மானம் என்றே எடுத்துக்கொண்டு, கால்சியம் மாத்திரையும் கேழ்வரகும் போதும் என்றார்கள். இது தேய்மானம் அன்று.

எலும்பு வாழ்நாள் முழுவதும் அரிக்கப்பட்டும் மீண்டும் கட்டப்பட்டும் வருகிறது. இந்நோயில் எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பெருத்து, அளவுக்கு மீறி அரிக்கின்றன. அந்த இழப்பை ஈடுகட்டப் புதிய எலும்பு விரைந்து உருவாவதால், அது அவசரத்தில் முடைந்த கூடையைப் போல ஒழுங்கின்றி, பருமனாகவும் வலுக்குறைந்தும் அமைகிறது. 1877-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் இதை விவரித்தார். அவர் இருபது ஆண்டுகள் கவனித்துவந்த நோயாளிக்குத் தலை பெருத்துக்கொண்டே போனதால், தொப்பியின் அளவை மாற்ற வேண்டியிருந்தது. பிரிட்டனில் பரவலாகக் காணப்படும் இந்நோய் நம் நாட்டில் அரிது என்பதால், இங்கே எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

கல்லீரலிலும் எலும்பிலும் உருவாகும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்னும் நொதி இரத்தத்தில் உயர்ந்திருந்தால் பெரும்பாலும் கல்லீரலைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். கல்லீரல் பரிசோதனைகளில் மற்றவை இயல்பாக இருக்க இது மட்டும் ஏறியிருந்தால், எலும்பையும் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயும் எலும்பு ஸ்கேனும் எந்தெந்த எலும்புகள் பாதிக்கப்பட்டுள்ளன என்பதைக் காட்டிவிடும்.

அப்பாவுக்கு, எலும்பு அரிக்கப்படுவதைக் கட்டுப்படுத்தும் ஸோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்து 5 மில்லிகிராம் ஒரே தவணையாக இரத்தக்குழாய் வழியே செலுத்தப்பட்டது. அதற்கு முன் வைட்டமின் டி குறைவைச் சரிசெய்து, சிறுநீரகத்தையும் பற்களையும் பரிசோதிப்பது அவசியம். மருந்து ஏறிய மறுநாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். ஓரிரு நாளில் தணிந்துவிடும். பலருக்கு இதன் பலன் பல ஆண்டுகள் நீடிக்கிறது.

ஆனால் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் அளவைக் குறைப்பதையே இலக்காக வைப்பது சரியன்று என்றே நான் கருதுகிறேன். அந்த அளவை இயல்புக்குக் கொண்டுவரத் தொடர்ந்து மருந்து கொடுப்பதையும், வலி வரும்போது மட்டும் கொடுப்பதையும் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வில், முதல் முறையால் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. அதே நேரம், எல்லா வலியும் இந்நோயின் வலி அல்ல. அருகிலுள்ள இடுப்பு மூட்டின் தேய்மானத்தால் வரும் வலிக்கு இந்த மருந்து உதவாது. வளைந்த எலும்பு நிமிராது, மண்டை ஓட்டுப் பாதிப்பால் இழந்த செவித்திறனும் மருந்தால் திரும்பாது என்பதையும் குடும்பத்தார் முன்பே அறிந்திருப்பது நல்லது.

பாதிக்கப்பட்ட எலும்பில் புதிதாக ஒரு வலி தோன்றி, இரவிலும் விடாமல் கூடிக்கொண்டே போனாலோ, வீக்கம் தெரிந்தாலோ, எலும்பு முறிவாகவோ மிக அரிதாகப் புற்றுநோயாகவோ இருக்கக்கூடும் என்பதால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.