எலெக்டிவ் பெயரை மட்டும் பார்த்து டிக் அடிக்காதீர்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிகளில்) இ.சி.இ., அதாவது எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் முடித்தவன் நான். நான்காம் செமஸ்டர் முடியும் சமயத்தில், எலெக்டிவ் எனப்படும் விருப்பப் பாடங்களைத் தேர்வு செய்ய வேண்டியிருப்பதால், ஜூனியர்கள் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த எலெக்டிவ்ல ஈஸியா மார்க் வரும்?" கேட்பதில் தப்பில்லை, சி.ஜி.பி.ஏ. எல்லோருக்கும் வேண்டும். ஆனால் அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிட்டால் பெரிய வாய்ப்பைத் தவறவிடுவீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

இ.சி.இ.யில் ஆறு புரொஃபஷனல் எலெக்டிவும் (நம் துறைக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் பாடங்கள்) ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்களிலேயே முடிந்துவிடும். ஏழாவதில் கேம்பஸ் இன்டர்வியூ சூடுபிடிக்கும்போது உங்கள் ரெஸ்யூமேயில் இருப்பது அந்த ஆறும்தான். எட்டாவதில் புராஜெக்ட். நான்கு வருடப் படிப்பில் மற்றதில் பெரும்பாலானவை யாரோ முடிவு செய்து கொடுத்தவை. நம் விருப்பத்துக்கு அதிக இடம் இருப்பது இங்கேதான்.

அதனால் முதலில் சிலபஸ் பி.டி.எஃப்.பைத் திறந்து ஐந்து யூனிட்டையும் நிதானமாகப் படியுங்கள். தலைப்பு ஏமாற்றும். இமேஜ் புராசஸிங் என்றதும் போட்டோ எடிட்டிங் போல ஏதோ ஜாலியான பாடம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே போனால் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், செக்மென்டேஷன் என்று போகும். டி.எஸ்.பி. (டிஜிட்டல் சிக்னல் புராசஸிங்) பிடித்துப் படித்தவருக்கு அது சுகமான பாடம். டி.எஸ்.பி.யில் தட்டுத்தடுமாறிப் பாஸானவருக்கு முதல் இரண்டு யூனிட்டிலேயே மூச்சு முட்டும். ஆக, "ஈஸி" என்று ஒரு பாடத்துக்குப் பொதுவாக முத்திரை குத்த முடியாது. இதற்கு முன் எந்தப் பாடம் உங்களுக்கு நன்றாக வந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது.

பாடப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எல்-டி-பி-சி (லெக்சர், டுடோரியல், பிராக்டிகல், கிரெடிட்) எண்களையும் கவனியுங்கள். 3-0-0-3 என்றால் முழுக்கத் தியரி. இன்டர்னல் 40, எண்ட் செமஸ்டர் 60. 2-0-2-3 என்றால் லேபும் சேர்ந்தது. அங்கே பாதிக்குப் பாதி. கையால் செய்து பார்த்தால்தான் புரியும் என்பவர்களுக்கு இரண்டாவது வகை நல்லது. ஆனால் உங்கள் கல்லூரி லேபில் அதற்கான வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். சிப் டிசைன் பாடம் எடுத்துவிட்டு, அதற்கான சாஃப்ட்வேர் லைசென்ஸ் இல்லாமல் படம் வரைந்து ரெக்கார்டு எழுதுவதில் என்ன பயன்?

சீனியர்களிடம் கேட்கும்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். பாடம் எடுப்பவர் யார், அவர் அந்தத் துறையில் ஏதாவது செய்திருக்கிறாரா, பழைய வினாத்தாள் கிடைக்குமா என்று கேளுங்கள். பத்து டூ மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க் என்ற அமைப்பு எல்லாத் தியரி பாடத்துக்கும் ஒன்றுதான். பழைய தாள் இருந்தால் அந்தப் பதினைந்து மார்க் கேள்வி எந்த யூனிட்டிலிருந்து வருகிறது, எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று ஓரளவு பிடிபட்டுவிடும். என்னைக் கேட்டால், நல்ல ஆசிரியர் எடுக்கும் கஷ்டமான பாடத்துக்கே முதலிடம் தருவேன். நான் இமேஜ் புராசஸிங் எடுத்ததற்குக் காரணமே அதை எடுத்த மேடம்தான். அந்த லேபில் எழுதிய புரோகிராம்தான் பிறகு எக்ஸ்-ரே படங்களை வைத்துச் செய்த புராஜெக்டுக்கு அடித்தளமாக அமைந்தது. இன்டர்வியூவிலும் கேள்விகள் அங்கேயே சுற்றிவந்தன, எனக்குப் பேச விஷயம் இருந்தது.

மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதப் போகிறவர்கள் அதற்காகவே எலெக்டிவ் தேட வேண்டாம். இ.சி. தாளில் வருவது நெட்வொர்க்ஸ், சிக்னல்ஸ், அனலாக், டிஜிட்டல், கன்ட்ரோல், கம்யூனிகேஷன், எலெக்ட்ரோமேக்னெடிக்ஸ் போன்ற அடிப்படைப் பாடங்கள். அவை எல்லாம் கோர் (கட்டாயப்) பாடங்களிலேயே இருக்கின்றன.

ஆறு எலெக்டிவையும் ஒரே வெர்டிகலில் (ஒரே பிரிவைச் சேர்ந்த பாடத் தொகுப்பில்) எடுக்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். கட்டாயம் இல்லை. மூன்றை ஒரே திசையில் வைத்துக்கொண்டு மற்றதைப் பரவலாக எடுப்பது எனக்குப் பிடித்த வழி. சொந்தத் துறையில் ஆனர்ஸ், வேறு துறையில் மைனர் என்று கூடுதல் தகுதிக்குப் போனால் கூடுதலாக 18 கிரெடிட் சுமக்க வேண்டும். புராஜெக்ட், பிளேஸ்மென்ட் எல்லாம் சேர்ந்து வரும் நேரம் அது, யோசித்து இறங்குங்கள். பிற துறைப் பாடங்களிலிருந்து எடுக்கும் ஓப்பன் எலெக்டிவில் மட்டும் பயப்படாமல் வேறு துறைக்குள் எட்டிப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்து முடிவெடுத்த பிறகும் ஒரு சிக்கல் வரும். பட்டியலில் நிறைய பாடம் இருந்தாலும் டிபார்ட்மென்ட் திறப்பது சிலவற்றைத்தான். ஆள் சேராத பாடம் நடக்காது. கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு வரும்வரை காத்திருந்தால் "ஈஸி" பாடம்தான் ஜெயிக்கும். அதற்கு முன்பே, அதே பாடத்தில் ஆர்வமுள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு எச்.ஓ.டி.யை (துறைத் தலைவரை) பாருங்கள். அடுத்த செமஸ்டருக்கு யாருக்கு எந்தப் பாடம் என்று பிரிப்பதற்கு முன் போனால் உங்கள் பேச்சு எடுபடும்.

அப்படியும் கிடைக்கவில்லையா, சரி, ஐ.ஐ.டி.கள் முதலியவை நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டி.இ.எல். இருக்கிறது. பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு மூன்று கிரெடிட். சேர்வது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். அசைன்மென்டில் 10, தேர்வில் 30 தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். எலெக்டிவுக்குப் பதிலாக அதை ஏற்பார்களா என்று பாடத்தில் சேர்வதற்கு முன்பே துறையில் கேட்டு, ஒப்புதலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.